போஸ்மாஸ்டர் தொப்பி தூக்கிய நாள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், புல்லிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் தபால் கந்தோர் போஸ்மாஸ்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் அதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அறுபதுகளில் நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் சின்னக் கிளார்க்கு. வெள்ளைக்காரர் விட்டுப்போன கோல்ப் மைதானம் ஒன்று வாவிக்கரையில் கிடந்தது. பாதி புல், பாதி மணல், மிச்சம் எருமை. பெரிய துரைமாரின் கண்ணில் பட்டால் பதவி உயரும் என்ற நப்பாசையில் நானும் ஒரு பழைய மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளப்பில் சேர்ந்தேன். முதல் நாளே என்னைப் போஸ்மாஸ்டரோடு சோடி சேர்த்துவிட்டார்கள். வேறு எவரும் அவரோடு ஆடச் சம்மதிப்பதில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

மனிதர் கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்தைத் துடைத்து, சாவீட்டுக்குப் போகிற முகத்தோடு வருவார். மட்டை பட்டு ஒரு துண்டுப் புல் பெயர்ந்தால் போதும், ஆட்டம் நின்றுவிடும். மண்டியிட்டு, அந்தத் துண்டைப் பழைய இடத்திலேயே பொருத்தி, கையால் தட்டி, "மன்னிக்கோணும்" என்பார். பிறகு எழும்பித் தலைகுனிந்து நிற்பார். பக்கத்தில் ஒருவர் அப்படி நிற்கும்போது நாம் மட்டும் எப்படி நிமிர்ந்து நிற்பது? நானும் குனிந்து நிற்பேன். பின்னால் வருகிற கோஷ்டி, "ஆர் மோசம் போன?" என்று சாவு விசாரிப்பதுபோலக் கத்தும்.

ஒருநாள் செட்டிபாளையத்து மீன்காரர் ஒருவர் மடியில் எதையோ கட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இந்தா உங்கட பந்து. வலையில மாட்டின."

"அது என்ட பந்தில்ல தம்பி."

"உங்கட அடையாளம் போட்டிருக்கே!"

"அது தண்ணிக்க விழுந்த நேரமே செத்துப்போயிட்டு. செத்த பந்த நான் திருப்பி எடுக்கக்கூடா. இனி அது உங்கட."

மீன்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் பந்தை வீட்டில் அடைக்கோழிக்கு வைத்துப் பார்த்ததாகக் கேள்வி. கோழி பாவம், கடைசி வரை நம்பிக்கையோடு இருந்ததாம்.

இப்படிப்பட்டவர் எப்படி வெல்வார்? கோல்ப்பில் அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி; இவரோ எதிராளி காணாமல் விட்ட தன் அடிகளையும் தானே கணக்கில் ஏற்றிக்கொள்வார். அவரை எவரும் தோற்கடித்ததில்லை, அவரே தோற்கடித்துக்கொள்வார். ஆனால் அவருக்கு வெல்ல ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கடைசிக் குழி இருந்த இடத்தில் வாவி ஒடுங்கும். எதிர்க்கரையில்தான் அவர் வீடு. சன்னலோரக் கதிரையில் அவருடைய மனைவி கிரேஸ் அக்கா இருப்பார். அக்காவுக்கு இரண்டு காலும் விழுந்து பல வருடம். வருடாந்தப் போட்டி முடிந்ததும் போஸ்மாஸ்டர் தண்ணீரோரம் போய், அந்தச் சன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவார். அங்கே அக்காவின் கைக்குட்டை, ஒரு வெள்ளை லேஞ்சி, ஆடும். ஏதோ மரியாதை செய்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் அவருக்குத் தலைமன்னாருக்கு மாற்றம் வந்துவிட்டது. போட்டியன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதுதான் என்ட கடைசி ஆட்டம். போறதுக்கு முன்னம் ஒருக்கா அந்தப் போட்டிக் கப்ப கிரேஸ்ட மடியில வைக்கோணும்."

அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அதுதான்.

ஆனால் என் தலைவிதியைப் பாருங்கள். அன்றைக்கென்று என் பந்தெல்லாம் நேராகப் போய்த் தொலைத்தது! கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களெல்லாம் எங்களுக்குப் பின்னால். நாங்கள் இருவரும் சமன். நான் அந்தக் குழியை முடித்துவிட்டேன். அவருடைய பந்து குழிக்குக் கை நீட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரே தட்டு, கப் அவருக்கு.

எங்கள் மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் விட்டு இறுக்கிய மணல்தான். எருமைகள் அதில் குளம்பு பதித்துவிட்டுப் போகும். ஆகையால் தட்டுவதற்கு முன் சாக்குச் சுற்றிய பலகையை ஒரேயொரு தரம் இழுத்து வழியைச் சமப்படுத்தலாம். சாக்கு முட்டிப் பந்து அசைந்தால் ஓர் அடி தண்டம். இது எங்கள் கிளப்பின் சொந்தச் சட்டம். சாக்கு முட்டியதாக ஒத்துக்கொண்டவர் எவரையும் நான் அதுவரை கண்டதில்லை.

போஸ்மாஸ்டர் இழுத்தார். நான் ஓர் எருமையைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

"ஐயா." ஆட்டத்தில் இறங்கிவிட்டால் என்னைக்கூட ஐயா என்றுதான் கூப்பிடுவார். "பந்து அசைஞ்சிட்டு. எனக்கு ஓர் அடி கூட்டுங்க."

"நான் காணல்லயே!"

"நான் கண்டன்."

"ஒள்ளுப்பம், ஒரு துளிதானே அசைஞ்சிருக்கும்? எருமை மிதிச்ச அதிர்ச்சியாக்கும். விடுங்க போஸ்மாஸ்டர்!"

"ஒள்ளுப்பமும் அசைவுதான் ஐயா."

பந்தைப் பழைய இடத்தில் வைத்தார். இனி உள்ளே போனாலும் சமன்தான். எதிர்க்கரைச் சன்னலை ஒருதரம் பார்த்துவிட்டுத் தட்டினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே நின்றது.

என் கையைக் குலுக்கினார். பிறகு தண்ணீரோரம் போய், வழக்கம்போலத் தொப்பியைத் தூக்கினார். எதிரே வெள்ளை லேஞ்சி ஆடியது.

வென்றவனுக்கே சொந்தம் என்று கப்பை என் கையில் திணித்தார்கள். எனக்கு அது நெருப்பாகச் சுட்டது. பின்னேரமே அதைப் புல்லில் இழைத்த பன்பையில் போட்டுக்கொண்டு, தோணியேறி அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் போஸ்மாஸ்டர் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விட்டார். கிரேஸ் அக்கா பன்பையைப் பார்த்தார். கப்பின் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அவருக்குக் குடுக்கவா தம்பி கொண்டுவந்த?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் வாங்கமாட்டார். வாங்கினா, மறுகா தோத்த கதைய என்னட்டச் சொல்லவேண்டி வரும்."

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"எனக்குக் கால்தான் ஏலா. கண் நல்லாத் தெரியும். வென்றாத் தொப்பி தூக்கிக் காட்டிறன் எண்டு என்னட்டச் சொன்னவர். ஒவ்வொரு வருசமும் தூக்கிறார். கப் எங்க எண்டு கேட்டா, 'அது கிளப்பிலதான் இருக்கும், வீட்ட கொண்டுவர விடுறல்ல, அதுதான் சட்டம்' எண்டுவார். சொல்லக்குள்ள ரெண்டு காதும் சிவந்துபோகும்."

பந்து மயிரிழை அசைந்ததை மறைக்கத் தெரியாத மனிதர்!

"நீங்க ஒருக்காலும் கேட்டுக்கொள்ளல்லயா?"

"கேட்டா, மறுகா அவர் எனக்குத் தொப்பி தூக்குவாரா தம்பி?"

குசினிப் பக்கம் காலடி கேட்டது. அக்கா சட்டென்று கப்பை வாங்கி, காலில் கிடந்த போர்வைக்குள் மறைத்துக்கொண்டார். போஸ்மாஸ்டர் தேத்தண்ணியை நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். தலைமன்னார்க் காற்றைப் பற்றியும், அங்கே கோல்ப் இல்லாததைப் பற்றியும் மெல்ல மெல்லப் பேசினார். அக்கா இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்தபடி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஆசைப்பட்ட மடியில்தான் கப் இருந்தது. அவருக்குத்தான் தெரியாது. வெறும் பன்பையோடு தோணியேறியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் மனைவி இன்றைக்கும் என்னை விடுகிறபாடில்லை.

"கோல்ப்பில வென்ற எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியுறீங்க. எங்க அந்தக் கப்?"

"அது கிளப்பிலதான் இருக்கும் புள்ள," என்பேன். "வீட்ட கொண்டுவர விடுறல்ல. அதுதான் சட்டம்."