எல்ம் தெருக் குழியின் செல்வாக்கு

அயோவா மாநிலத்து மேபிள்ஃபோர்டு நகராட்சிக்கு ஓர் இணையதளம் உண்டு. ஊர் எப்படி இருந்தாலும் இணையதளம் நன்றாக இருக்க வேண்டும் என்று மாண்புமிகு மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்து, பிரெண்ட் ஓல்சன் என்ற இளைஞரை இணைய விளம்பர அதிகாரியாக அமர்த்தியது. சாலைகளையும் அவர் பொறுப்பிலேயே விட்டது. தனி ஆள் போடும் அளவுக்குச் சாலையில் ஒன்றும் மிச்சமில்லை.

லொரெட்டா ஹாஸ் எல்ம் தெருவில் கேக் கடை வைத்திருந்தாள். பனிக்காலம் முடிந்ததும் கடை வாசலில் ஒரு குழி விழுந்தது. எந்த வண்டி கிளம்பினாலும் அதில் இறங்கித்தான் ஏற வேண்டும். போன மாதம் ஒரு பிறந்தநாள் கேக் இறங்கியது, ஏறவில்லை. வரும் சனிக்கிழமை பாதிரியார் மகளின் கல்யாணம், நான்கடுக்குக் கேக். அது சரிந்தால் அப்புறம் ஊரில் யாரும் அவளிடம் ரொட்டிகூட வாங்க மாட்டார்கள். நகராட்சிக்குப் போனாள்.

"குழியைப் பத்தித்தானே மேடம்? நம்ம தளத்துல அதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. அதிகம் பேர் பார்க்கிறதும் அதைத்தான்," என்றார் பிரெண்ட், முகம் மலர.

"பார்த்தது போதும். மூடுங்க."

"அவசரப்படக் கூடாது. மத்த பக்கத்துலயெல்லாம் பவுன்ஸ் ரேட் ஜாஸ்தி. வர்றவங்க எட்டிப் பார்த்துட்டு ஓடிடறாங்க. குழிப் பக்கத்துல மட்டும்தான் நின்னு படிச்சு, புகாரும் எழுதறாங்க. இதுக்குப் பேரு கன்வெர்ஷன்."

"அப்படின்னா?"

"வந்தவங்க நாம நினைச்சதைச் செய்யறது."

"நாம என்ன நினைச்சோம்?"

"புகார் எழுதணும்னு."

"குழியை மூடணும்னு நினைக்கலையா?"

"மூடிட்டா யார் மேடம் புகார் எழுதுவாங்க?"

அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று லொரெட்டா தேடிப் பார்த்தாள். கிடைக்காமல் வீடு திரும்பினாள்.

அன்று அவள் குழிப் பக்கத்தை ஒரே ஒருமுறை திறந்து பார்த்தாள். அதோடு வந்தது வினை. வானிலை பார்க்கப் போனால் ஓரத்தில் நகராட்சி விளம்பரமாகக் குழியின் படம். வெண்ணெய் விலை பார்க்கப் போனால் குழி. அக்கா பேரனின் ஞானஸ்நானப் படத்துக்குக் கீழேயும் குழி: 'உங்கள் புகார் இன்னும் வந்து சேரவில்லையே!' மறுநாள் மறுபடியும் நகராட்சிக்குப் போனாள்.

"ஒரு தடவை வந்தவங்களை நாங்க கைவிடறதில்ல மேடம். பின்னாலேயே வருவோம்," என்றார் பிரெண்ட்.

"எல்ம் தெருவுக்கு மட்டும் வர மாட்டீங்க. இதுக்கு வழியே கிடையாதா, ராசா?"

பிரெண்ட் விதிகளைப் புரட்டினார். "இருக்கு. ஒரு நாள் முழுக்க யாரும் பார்க்காத பக்கத்தை நீக்கிடணும். பக்கம் போனா அதுல உள்ளதும் போகணும். மறுநாளே தார் ஊத்திடுவோம்."

புதன்கிழமை தேவாலயச் சாப்பாட்டில் லொரெட்டா எழுந்து நின்றாள். "நாளைக்கு ஒரு நாள் அந்தப் பக்கத்தை யாரும் திறக்காதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"திறக்கிறவன் மனுஷனே இல்ல," என்றார் டிராக்டர் விற்கும் டுவெய்ன். பாதிரியார் தலையசைத்தார். உருளைக்கிழங்கு கேசரோல் பதார்த்தத்தின் முன்னிலையில் ஊரே உறுதிமொழி எடுத்தது.

வெள்ளிக்கிழமை காலை பிரெண்ட் கடைக்கே வந்தார். "வாழ்த்துகள் மேடம். நேத்து வந்த கூட்டம் இதுவரைக்கும் வந்ததே இல்ல."

"புகார் எழுதவா?"

"ஒரு புகார்கூட இல்ல. யாராவது பார்த்திருக்காங்களான்னு, பக்கத்துக்கு அடியில ஓடற எண்ணிக்கையைப் பார்க்க வந்திருக்காங்க. பாதிரியாரே பல தடவை."

லொரெட்டாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலையா இந்த ஜனங்களுக்கு? முதல்ல திறந்தது யாரு? பேரைச் சொல்லுங்க. அவங்களுக்கு இந்த ஜென்மத்துல கேக் கிடையாது."

பிரெண்ட் தயங்கினார். "விடியறதுக்கு முன்னாடியே திறந்திருக்காங்க மேடம். இந்தக் கடையிலேர்ந்துதான்."

லொரெட்டா குனிந்து, ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தாள். "யாரும் பார்க்கலைன்னு உறுதி பண்ணிக்கத்தான் பார்த்தேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்ற பிரெண்ட், பொதுமக்களின் பேராதரவைக் கருதி, விளக்குக் கம்பத்தில் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டுப் போனார். இனி குழியை வீட்டிலிருந்தபடியே நேரலையில் பார்க்கலாம்.

சனிக்கிழமை நான்கடுக்குக் கேக் குழியில் இறங்கியதை ஊரே பார்த்தது. ஒரு கை கொடுத்துத் தூக்கிப் பிடிக்கத் தெருவில்தான் ஒருவரும் இல்லை.