கோமாளா வழியாகப் பெண் பார்க்கப் போனேன்

பூகோள வாத்தியாருக்கு ஒரு வசதி உண்டு. பாடத்தில் வரும் எந்த இடத்தையும் அவர் நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் கோலார் தங்க வயலில் நானும் அப்படித்தான் புல்வெளிகளை நடத்தினேன். ஆப்பிரிக்காவில் சவன்னா, வட அமெரிக்காவில் பிரெய்ரி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், ரஷ்யாவில் ஸ்டெப்பி. பிள்ளைகளும் கூடவே கத்துவார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடும், ஷாஃப்ட் என்னும் சுரங்கக் குழிக்கு மேலே சுற்றும் சக்கரமும், தங்கம் எடுத்த பின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேடும் பார்த்து வளர்ந்த எனக்கு, புல் என்றால் குழாயடி ஓரத்தில் முளைப்பது. (அதையும் ஆடு விட்டுவைக்காது.)

அந்தச் சமயத்தில்தான் பூதிகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது. பஸ் இறங்கிய இடத்தில் பெண் வீட்டு மாட்டு வண்டி நின்றது. அம்மாவும், நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமாவும் ஏறிக்கொண்டார்கள். புதிதாகத் தைத்த வெள்ளைப் பேண்ட் கசங்கிவிடும் என்று நான் மட்டும் குறுக்கு வழியில் நடந்து வருவதாகச் சொன்னேன். (அன்றைக்கு அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.)

மேடேறியதும் நின்றுவிட்டேன். கார்த்திகை மாதம். மழை முடிந்து, புல் இடுப்பளவு வளர்ந்து பழுத்திருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை வீடில்லை, கம்பமில்லை, வேலியில்லை. காற்று அடித்தபோது அவ்வளவு புல்லும் ஒரே பக்கம் சாய்ந்து, நிறம் மாறி, மறுபடி நிமிர்ந்தது. வானம் இவ்வளவு பெரிதா என்று கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. வருஷக்கணக்காக நான் கத்திய சொற்களுக்கெல்லாம் அப்போதுதான் உருவம் வந்தது. ‘சவன்னா’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ‘பிரெய்ரி’ என்று உரக்கச் சொன்னேன். மாடு ஒன்று தலை தூக்கிப் பார்த்தது. பெண், பேண்ட் எல்லாம் மறந்து புல்லுக்குள் உட்கார்ந்தேன். பிறகு மல்லாந்து படுத்தும்விட்டேன்.

ஞாபகம் வந்து எழுந்து ஓடியபோது, பெண் வீட்டில் எல்லோரும் காப்பி குடித்து முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து என் பேண்ட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி, கோமாளாவா?”

எனக்குச் சுருக்கென்றது. “கோமாளி இல்லீங்க, வாத்தியார்.”

மாமா உத்தரத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பும், அதை அடக்கிக்கொண்டு ஒரு பெண் குரலும் வந்தன.

“கோமாளான்னா ஊர் மாடு மேயற புல்லு நிலங்க. கன்னடத்துல அப்படித்தான் சொல்லுவோம். அந்த வழியா வந்தீங்களான்னு அப்பா கேக்கறாரு.”

என் மனைவி என்னிடம் முதன்முதலாகப் பேசியது அதுதான்.

அசட்டுச் சிரிப்போடு பாயில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க ஊசிப்புல். துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டிருந்தது. மாமா தோளை அழுத்தி மறுபடி உட்காரவைத்தார். நான் மறுபடி எழுந்தேன். பையனுக்கு மூலமா என்று பெண்ணின் அத்தை அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தது கூடம் முழுக்கக் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் இவ்வளவு நேரம் என்று பெண்ணின் அப்பா கேட்டபோது உண்மையைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. காற்று, புல் நிறம் மாறியது, வானம், சவன்னா, ஸ்டெப்பி என்று கொட்டித் தீர்த்தேன். போதும் என்று மாமா கண்ணைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. பலகாரத் தட்டோடு வந்த பெண், அதை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே நின்று கேட்டாள்.

திரும்பும்போது வண்டியில் குப்புறப் படுத்து வந்தேன். மாமா பெருமூச்சு விட்டார்.

“ஷாஃப்ட்டுல விழுந்த மாதிரிதாம்பா. இனிமே மேல எடுக்க முடியாது.”

ஆனால் சம்மதம் என்று சேதி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று அவளைக் கேட்டேன்.

“தினம் அந்த வழியாத்தான் போவேன், வருவேன். உங்களுக்கு வந்த ஆச்சரியம் எனக்கு ஒருநாளும் வரல. கூட இருந்தா வருமான்னு பாத்தேன்.”

இன்றும் அவள் ஊருக்குப் போனால் நாற்காலி போட்டுவிட்டு, யாரும் கவனிக்காதது போல் காத்திருப்பார்கள். நான் உட்கார்ந்து, எழாமல் இருக்கிறேன் என்று உறுதியான பிறகுதான் பேச்சே தொடங்கும்.