ஈசூன் வீட்டு ஜின்

"எப்ப வந்துச்சு?"

"நேத்து, ஆன்ட்டி."

"எங்கேர்ந்து?"

"ஏர்போர்ட்லேர்ந்து. என்கூடவே வந்துடுச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"போத்தல்லதான். இன்னும் திறக்கல."

"திறந்துடாதே தம்பி. தேக்கா பக்கம் பள்ளிவாசல்ல எனக்குத் தெரிஞ்ச ஹஜ்ரத் இருக்கார். கொண்டுபோய் ஓதிடலாம்."

ஓதுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சரத்துக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே தலை சுற்றியது.

ஈசூன் வீட்டில் அறையை வாடகைக்கு விட்ட ஆமினா பீவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மது வாசற்படி தாண்டக் கூடாது. சரத்தும் குடிகாரன் அல்ல. சனிக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அலுவலக விருந்து. கோடைக்கு ஜின்தான் குளிர்ச்சி, டானிக்கும் வெள்ளரிக்காயும் சேர்ந்தால் வெயிலே மறந்துவிடும் என்று எங்கோ படித்ததைச் சக ஊழியை சயந்தினியிடம் அளந்துவிட்டான். சிங்கப்பூரில் பன்னிரண்டு மாதமும் கோடை என்பதால் பேச்சு எடுபட்டது. கலக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. "ரூம்ல ஜின் இருக்கு, எலுமிச்சம்பழம்தான் வாங்கணும்" என்று அவளிடம் போனில் சொன்னது கதவுக்கு வெளியே நின்ற ஆமினா பீவியின் காதில் விழுந்தது. அவருக்குத் தெரிந்த ஜின் வேறு. அது நெருப்பில் பிறந்த பூதம், கண்ணுக்குத் தெரியாதது.

உண்மையைச் சொன்னால் அறை போய்விடும். அதோடு ஆமினா பீவி சோற்றுக்கு ஊற்றும் மீன் ஆணமும் போய்விடும். போத்தல் ஹஜ்ரத் கைக்குப் போனாலோ மானமே போய்விடும். ஆகவே சரத் புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னான்.

"போத்தல்ல இப்ப இருக்காது ஆன்ட்டி. மூடி லூசு. வெளிய போயிருக்கும்."

"வெளியன்னா, வீட்டுக்குள்ளயா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஆமினா பீவி வீட்டில் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கவில்லை. பயத்தைத் தணிக்க, ஐஸும் எலுமிச்சம்பழமும் பக்கத்தில் இருந்தால் அது அடங்கிவிடும் என்றான் சரத். நெருப்பில் பிறந்ததற்கு ஐஸ் என்பது அவருக்கும் நியாயமாகப் பட்டது. மறுநாள் அவன் அறை வாசலில் ஒரு கிண்ணம் நிறைய ஐஸும் நறுக்கிய எலுமிச்சம்பழமும் இருந்தன. டானிக் மட்டும்தான் குறை. ஆனால், அடக்கும் வித்தை தெரிந்தவனுக்கு அதோடு என்ன பழக்கம் என்ற சந்தேகமும் சேர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹஜ்ரத்தை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார். முதலில் சரத்தின் அறையைத்தான் பார்ப்பாராம்.

சனிக்கிழமை மதியம் போத்தலை வெள்ளரிக்காய்களுக்கு அடியில் ஒளித்து, பையோடு லிஃப்ட்டுக்கு ஓடினான் சரத். அங்கே ஆமினா பீவியின் கணவர் அப்துல் கையூம் நின்றிருந்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்னும் மனிதர்.

"அங்கிள், ஜின் போயிடுச்சு. ஹஜ்ரத் வர வேணாம்னு ஆன்ட்டிகிட்ட சொல்லிடுங்க" என்றான்.

அவர் இரண்டு வெள்ளரிக்காய்களை விலக்கி, லேபிளை நிதானமாகப் படித்தார். பிறகு அவற்றைப் பழையபடியே அடுக்கினார். சரத் மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கினான்.

"முப்பத்தோரு வருஷமா சாயங்காலம் நான் தனியாத்தான் நடக்கப் போறேன்" என்றார் அவர். "கூப்பிட்டா முட்டி வலின்னுவா. இந்த வாரம் தினமும் என் கையைப் புடிச்சுக்கிட்டு வர்றா."

லிஃப்ட் கதவு திறந்தது.

"போத்தல் திரும்பி வரக்கூடாது, தம்பி. ஆனா ஜின் இன்னும் போகலைன்னு ஆன்ட்டிகிட்ட சொல்றியா?"