காபரேற்றருக்குள் காணாமல் போன மிதப்பு

ஒரு மரியாதையான மனிசனை, ஞாயிற்றுக்கிழமை காலமை, பூசைக்குப் போகிற சனத்துக்கு முன்னால், கள்ளன் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாயிற்று. சுவாமியார் முதலில் இருமினார். பிறகு, "எதைக் களவெடுத்தவர் எண்டு சொன்னனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். விளங்கப்படுத்தினேன். இன்னொருக்கால் இருமினார். (அவர் சிரித்தவர் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. சாட்சி இல்லாமல் ஒருவரில் குற்றம் சொல்லுவதை நான் விட்டுவிட்டேன்.)

அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. இளரத்தம்.

என்னிடம் ஒரு பழைய நைன்ரி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நிறம் சிவப்பு என்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. வண்டியில் சிவப்பைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பின்பக்கம் ஒரு றெஜிபோம் மீன்பெட்டி, வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரிப் பாரமில்லாத நுரைப் பெட்டி, கட்டியிருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கண்டாவளை வரைக்கும் அதில் கருவாடு கொண்டுபோய் விற்றுத்தான் மகள் ஜெனியை வளர்த்துக் கலியாணம் கட்டிக் கொடுத்தேன். சண்டையில் வண்டியை விட்டுவிட்டு ஓடி, முடிந்து திரும்பி வந்தபோது, கணக்கில்லாத மோட்டார் சைக்கிள்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த இடத்தில் மூன்று நாள் நடந்து தேடினேன். சீற்றில் வலையூசியால் நான் போட்ட தையல் அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் வண்டியைக் கண்டுபிடித்தேன். அந்த வண்டியை "வித்திடுவம்" என்று யாரும் சொன்னால் எனக்குக் காது அடைத்துவிடும்.

சொன்னவர் என் மருமகன் அன்ரன். அவரிலும் பிழை இல்லை. வண்டி பெற்றோல் ஒழுகிக்கொண்டிருந்தது.

காபரேற்றருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. பெற்றோல் அதற்குள் வந்துதான் என்ஜினுக்குப் போகும். எவ்வளவு வரவேண்டும் என்று பார்ப்பது அதற்குள் மிதக்கிற புளோட். இரண்டு பித்தளைக் குமிழும் நடுவில் ஒரு தகடும்தான் அது. பெற்றோல் ஏறினால் தானும் ஏறி வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். என்னுடையது எத்தனையோ வருசம் ஏறி இறங்கித் தேய்ந்து, ஊசிமுனை அளவில் ஓட்டை விழுந்திருந்தது. காதில் வைத்து ஆட்டினால் உள்ளே பெற்றோல் களக் களக் என்றது. பாரமேறின புளோட் அடியில் போய்ப் படுத்துவிடும். பிறகு வழியை யார் அடைப்பது? பெற்றோல் வழிந்து சூடான என்ஜினில் ஊற்றும்.

"மாமி, ஒரு நாளைக்குப் பத்தப்போகுது. வவுனியாவில பழைய மோட்டார் சைக்கிள் சேர்க்கிற ஒருத்தர் இருக்கிறார், நடராசா எண்டு. பிள்ளை மாதிரிப் பாப்பார். அவரிட்டக் குடுத்திட்டு ஒரு ஸ்கூட்டி எடுப்பம்."

"ஸ்கூட்டியில கருவாடு ஏத்தினால் அது வெக்கத்தில நிண்டிடும்."

"அப்ப புளோட்டையாவது அவரிட்ட வாங்குவம்."

"என்ர வண்டியில கண் வைச்சிருக்கிற ஆளிட்ட நான் கை நீட்டுறதோ தம்பி?"

குசினிக்குள் இருந்து ஜெனி, "ஏதாவது ஒரு முடிவைச் சொல்லுங்கோ அம்மா. சோறு ஆறுது" என்றாள்.

சொன்னேன். வருகிற ஞாயிறு பூசைக்கு இந்த வண்டியில் நானே ஓடிப் போவேன். கோயில் வாசல் வரைக்கும் அது ஓடினால், விற்கிற கதையை இந்த வீட்டில் ஒருவரும் எடுக்கக்கூடாது. ஓடாவிட்டால் அந்த வவுனியாக்காரர் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போகலாம்.

அன்ரன் கெட்டிக்காரர். நான் சோற்றைப் பிசைய முதலே நடராசாவுக்கு ரெலிபோன் எடுத்து ஞாயிறு வரச் சொல்லிவிட்டார்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் கிழமை அது. ஊரெல்லாம் விரதம், கருவாடு கேட்க ஆள் இல்லை. நேரம் கிடந்தது. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, கிளிநொச்சி என்று பஸ் ஏறிக் கடை கடையாகக் கேட்டேன். "உந்த மொடலுக்குப் புளோட் தனிய வாறேல்லை" என்றார்கள். ரேடியோ திருத்துகிற ஒருவர் ஓட்டைக்கு ஈயம் வைத்துத் தந்தார். ஓட்டை அடைந்தது. ஆனால் ஈயத்தின் பாரத்தில் புளோட் முன்னைவிடத் தாழ்ந்து கிடந்தது.

சனிக்கிழமை காலமை வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. புளோட் என்றால் என்ன? மிதப்பு. மிதப்பைப் பற்றி எனக்கு யார் படிப்பிப்பது? நான் பிறந்ததிலிருந்து வலைக்கு மிதப்புக் கட்டுகிறவள். கண்ணுக்கு முன்னால், வண்டியின் பின்னாலேயே, தாழவே தெரியாத றெஜிபோம் பெட்டி நிற்கிறது.

பெட்டியின் ஒரு மூலையை மீன் வெட்டுகிற கத்தியால் அரிந்தேன். இரண்டு துண்டு செதுக்கி, பித்தளைக் குமிழ்களைக் கழற்றி எறிந்துவிட்டு, தகட்டில் தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூலால் வரிந்து கட்டினேன். எங்கள் கரையில் போடுகிற முடிச்சு. சுறா இழுத்தாலும் அவிழாது. வாளித் தண்ணீரில் விட்டேன். தாழ்க்கத் தாழ்க்க மேலே வந்தது. பின்னேரம் வரைக்கும் விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அன்ரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வடிவா மிதக்குது மாமி" என்றார், முகம் கறுத்து.

காபரேற்றரில் பூட்டினேன். பெற்றோல் ராங்கின் திறப்பைத் திறக்கவில்லை. காலமை எல்லாருக்கும் முன்னால் திறக்கிறது என்று வைத்திருந்தேன். (அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் ஆடம்பரம் பிடிக்கும்.)

ஞாயிறு காலமை நடராசா வந்தார். நரைத்த மீசை, தோய்த்து மினுக்கின சேட்டு. தேத்தண்ணி கொடுத்தேன். நான் உள்ளே சீலை மாற்றிவிட்டு வர, அவர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று காபரேற்றரைத் தடவிக்கொண்டிருந்தார். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

திறப்பைத் திறந்தேன். இரண்டாம் உதையில் பிடித்தது. அன்ரனின் முகத்தைப் பார்த்தேன், ஜெனியின் முகத்தைப் பார்த்தேன், வேலிக்கு மேலால் தெரிந்த எல்லா முகத்தையும் பார்த்தேன். பிறகு புறப்பட்டேன். அன்ரன் தன் மோட்டார் சைக்கிளில் நடராசாவையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். நடந்து போகிறவர்களுக்கு ஒரு கையால் தலையாட்டி... இல்லை, தலையால் கையாட்டி... ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு போனேன்.

கோயில் சந்தியில் வண்டி கறுப்பாய்ப் புகைத்தது. மூன்று தரம் இருமிற்று. நின்றது. என் புதுச் சீலையின் கரை பெற்றோலில் குளித்திருந்தது.

ஸ்குறூ றைவர் எப்போதும் என் கைப்பையில் செபமாலையோடு கிடக்கும். பெற்றோல் திறப்பை மூடிவிட்டு, அதை எடுத்துக் கிண்ணத்தைக் கழற்றினேன். தகடு இருந்தது. தங்கூசி நூல் இருந்தது. என் முடிச்சு, நான் போட்டபடியே, இறுகி இருந்தது. நடுவில் மிதப்பு இல்லை. கிண்ணத்தின் அடியில் பசை மாதிரி ஏதோ வெள்ளையாய் ஒட்டிக் கிடந்தது.

நான் நிமிர்ந்து நடராசாவைப் பார்த்தேன்.

"இவர்தான் எடுத்தவர்."

சனம் நின்றுவிட்டது. "என்னத்தை அக்கா?" என்றார் நடராசா.

"புளோட்டை. நான் சீலை மாத்தப் போன நேரம் குனிஞ்சு நிண்டு தடவினீர்தானே?"

"தடவினனான்தான். எடுக்கேல்லை."

"எடுத்தது போதாதெண்டு பசையும் ஊத்தியிருக்கிறீர்."

அன்ரன் காதுக்குள் சொன்னார்: "மாமி, முடிச்சு அவிழேல்லை. முடிச்சு அவிழாமல் எப்பிடி எடுக்கிறது?"

"அதுதான் தம்பி, கை தேர்ந்த கள்ளன் எண்டுறது."

நடராசா தன் பொக்கற்றுகளை ஒவ்வொன்றாய் வெளியே இழுத்துவிட்டார். ஒரு லேஞ்சி, ஒரு சீப்பு, ஒரு ஸ்பாக் பிளக்.

"பிளக் வைச்சுத் திரியிற ஆள் புளோட் வைச்சுத் திரியமாட்டாரோ?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்டேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் துணிவு வந்தது.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். உதுக்குள்ள என்னத்தில புளோட் செய்து வைச்சனீங்கள்?"

நான் முகத்தைக் கோயில் பக்கம் திருப்பினேன். அவருடைய கண் மெல்லப் பின்னால் போய், மீன்பெட்டியின் அரிந்த மூலையில் நின்றது. வந்து, அதில் ஒரு துளி கிள்ளி, என் கையில் இருந்த கிண்ணத்தின் மிச்சப் பெற்றோலுக்குள் போட்டார்.

'சீ' என்று ஒரு சத்தம். தும்பு முட்டாஸ் வாயில் கரைகிற மாதிரிப் போய்விட்டது. அடியில் கொஞ்சம் பசை.

நான் ஒரு துண்டு பிய்த்துப் போட்டேன். போயிற்று. இன்னும் பெரிதாய் ஒன்று போட்டேன். மூன்றாம் துண்டுக்குப் பிறகுதான் நம்பினேன். பூசை மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. பூசையை விட இது நல்லாய் இருந்திருக்கும்.

"வண்டியை ஏத்துங்கோ" என்றேன். கிண்ணத்தைக் கவிழ்த்து ஊற்றினேன். "சொன்னால் சொன்னதுதான்."

நடராசா லேஞ்சியால் கையைத் துடைத்தார். "ஏலாது அக்கா. இப்ப நான் இதைக் கொண்டுபோனால், நீங்கள் சொன்னது சரி எண்டெல்லோ இந்தச் சனம் நினைக்கும்."

கிண்ணத்தைத் திரும்பப் பூட்டினேன். ஸ்குறூ றைவரைச் செபமாலையோடு வைத்தேன். நான் ஹாண்டிலைப் பிடித்தேன், அவர் பின்னால் தள்ளினார். பிரசங்கம் நடக்கும்போது கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தோம். என் சீலையின் மணத்துக்குக் கோயில் மூப்பர் வாசலிலேயே மறித்துவிட்டார். "மெழுகுதிரிப் பக்கம் வராதையுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றே மிச்சப் பூசை முழுவதையும் கண்டேன்.

மன்னிப்பு என்கிற சொல் என் வாயில் இலேசில் வராது. அன்றைக்கு அது ஒரு பெரிய கட்டாக் கருவாடாக வந்தது. நடராசா பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த கிழமை வவுனியா பஸ்ஸில் ஒரு பித்தளைப் புளோட் வந்து இறங்கிற்று. சுடுதண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். காதில் வைத்து ஆட்டினேன். பிறகு ஒரு கிளாஸ் பெற்றோலில் நாள் முழுக்கப் போட்டு வைத்தேன். (ஜெனி அந்தக் கிளாஸை இன்னும் தண்ணீர் குடிக்க எடுப்பதில்லை.) காபரேற்றரின் சின்ன ஓட்டைகளில் பிடித்த பசையைப் பெற்றோலில் ஊறவிட்டு ஊதி ஊதி எடுக்க நாலு நாள் சென்றது. விற்கிற கதையை அதற்குப் பிறகு அன்ரன் எடுக்கவில்லை.

நடராசா இப்பவும் கருவாட்டுக்கு வருவார். போகும்போது படலையில் நின்று, ஒருவரும் கேட்காமலே, பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டுவார். "ஒண்டும் இல்லை அக்கா." பேரப்பிள்ளைகள் இதைப் பார்க்கவென்றே ஓடி வருவார்கள்.

போன மாதமும் இழுத்தார். லேஞ்சி வந்தது. சீப்பு வந்தது. பிறகு ஒரு பித்தளைப் புளோட் வந்து மண்ணில் விழுந்தது.

பேரப்பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். "இது வேற வண்டிக்கு, கிளிநொச்சியில இப்ப வாங்கினது அக்கா" என்றார் நடராசா, மெதுவாக. வீடு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே தம்பி" என்றேன்.

அவர் போய், எல்லாரும் சிரித்து முடித்து உள்ளே போன பிறகு, நான் தனியப் போய் என் வண்டியை ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இரண்டாம் உதையில் பிடித்தது.