அண்ணன் கால் நீட்டிய நாள்

நல்ல செய்தியைத் தெருவுக்குச் சொல்வதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இது தெரியாமலே நான் பி.காம். முடித்திருந்தேன்.

அண்ணன் எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் கன்டெய்னர் மேலிருந்து விழுந்தவன். முதுகெலும்பு போய், பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்திருந்தான். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. அம்மா சமைப்பாள், அவனைத் துடைத்துவிடுவாள். வீட்டில் பேச்சு நின்று போயிருந்தது.

ஒரு நாள் மத்தியானம், நாற்காலியிலிருந்து அவனைக் கட்டிலுக்கு மாற்றினேன். முதுகைச் சாய்த்ததுதான் தாமதம், இரண்டு காலும் விறைத்து நீண்டு என் முழங்கையில் ஓர் உதை விட்டன. எழுப்பி உட்கார வைத்தேன், கால் மடங்கியது. மறுபடி படுக்க வைத்தேன், மறுபடி உதை. (விஞ்ஞானி இல்லையா, சோதிக்காமல் விடுவேனா!) அண்ணன் முகத்தைப் பார்க்காமலே, கால் வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

அம்மா கரண்டியோடு வந்தாள். பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அதற்குள் சந்தே வாசலில் நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் அவனைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினேன். கேரம் கிளப் செயலாளர் சால்வையோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் குனிந்தார். நான் சரியாக அப்போது சாய்த்தேன். வயிற்றில் உதை வாங்கியவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“இன்னொரு தபா காட்டுமா” என்றார்.

அண்ணன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பிசியோதெரபி மேடம் வந்தபோது கூட்டம் கைதட்டியது. அவர் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

“உட்கார வெச்சு, அவரையே காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தீங்களா?”

இல்லை. உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தார். கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

இடுப்பு மடங்கியிருந்தால் தசை ஒரு மாதிரி இழுக்கும், நிமிர்ந்தால் வேறு மாதிரி இழுக்கும், அது தண்டுவடம் தானாகச் செய்கிற வேலை, மூளைக்கு அதில் பங்கில்லை என்று பொறுமையாகச் சொன்னார். கண்ணால் பார்க்காவிட்டால், கால் நீண்டதே அண்ணனுக்குத் தெரிந்திருக்காது என்றார்.

வெளியே போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. செயலாளர் வயிற்றைத் தடவியபடி நின்றிருந்தார். சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாங்க, இது இப்டித்தான் இழுக்கும்னு. நீ ஓடிப்போய் ஊரக் கூட்டிக்கினு வந்துட்ட. அம்மா வேற சிரிச்சிகினு நின்னுச்சு. இன்னான்னு சொல்றது?”

அண்ணன் இன்றுவரை நடக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். என் பதவி உயர்வோ, தெருவுக்குப் புதுக் குடிநீர்க் குழாயோ, யார் என்ன நல்ல செய்தி கொண்டுவந்தாலும் வீட்டில் ஒரே கேள்விதான். போன மாதம் சித்தப்பா செல்போனில் ஒரு வீடியோவோடு வந்தார். எங்கேயோ, அண்ணன் மாதிரியே விழுந்த ஒருவர் எழுந்து நடக்கிறாராம். நானும் அண்ணனும் போன்மேல் குனிந்தோம்.

அம்மா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“ஒக்கார வெச்சுப் பாத்தாங்களாமா?”

முதலில் சிரித்தது அண்ணன்தான்.