கயிற்றுக் களஞ்சியத்தில் புன்னாகவராளி

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ பயந்தாங்கொள்ளிகள் வேலை பார்த்திருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன், அதுவும் முன்வரிசை. ஆனால் ஒரு ராகத்துக்குப் பயந்து, கல்லுருகும் வெயிலிலும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்டுத் திரிந்தவர் இந்த உலகத்திலேயே வராளியர் ஒருவர்தான்.

அந்த ராகம் புன்னாகவராளி. மகுடிக்காரன் ஊதுகிற ராகம். அதைப் பாடினால் பாம்பு வரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் பாடவும் செய்வார்கள். வராளியர் மட்டும் அதை முழுசாக நம்பினார். அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு மேலிடம் கொடுத்த வேலையைப் பாருங்கள்: கயிற்றுக் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. கப்பல் கட்டுகிற வடங்கள், கைத் தடிமனில், சுருண்டு சுருண்டு படுத்திருக்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போன தகரக் கொட்டகை. ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. சுற்றிவர இலுக்கம்புல்லும் நாயுண்ணிப் பற்றையும். அவருக்கு உதவி கிளாக்கராக என்னைப் போட்டார்கள். ஒரு பயந்தவனுக்குக் காவல் இன்னொரு பயந்தவன்.

முதல் நாளே பிடிபட்டேன். எழுதிக்கொண்டே ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது.

"தம்பி, இப்ப என்ன முணுமுணுத்தனீர்?"

"சும்மா ஒரு பாட்டு, அண்ணை."

"பாட்டெண்டு எனக்கும் தெரியும். ரெண்டாவது அடியில ஆர் வந்தவர் எண்டு தெரியுமோ?"

"ஆர்?"

"அவர்." அதற்குள் சப்பாத்துக் கால் இரண்டும் மேசைக்கு மேலே போய்விட்டன. "பேர் சொல்லாதையும். கேட்டுக்கொண்டிருப்பார்."

நான் சிரித்தேன். நல்லாய்ச் சிரித்தேன். அன்று பின்னேரம் உப்புவெளி பஸ் பிடிக்கப் போகும்போது, ரோட்டின் நட்டநடுவில், கைதட்டிக்கொண்டே நடந்தேன். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தும் ஓரத்துக்குப் போகவில்லை. ஓரத்தில் புல் இருந்தது.

துறைமுக வாசலில் குறிஞ்சாக்கேணி நானாவின் தேத்தண்ணிக்கடை. அங்கே எந்த நேரமும் ரேடியோ பாடும். அந்த ராகம் வந்தால் நிற்பாட்டிவிட வேண்டும் என்று வராளியர் நானாவிடம் கெஞ்சிக் கேட்டு வைத்திருந்தார். நானாவுக்கு ராகம் தெரியாது. ஆகவே வராளியரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ரேடியோவைத் திருகுவார். ஒருநாள் வடைக்குள் இருந்த செத்தல் மிளகாய் வராளியரின் பல்லில் கடிபட்டது. முகம் கோணியது. கடையே காதைத் தீட்டிக்கொண்டு செய்தி கேட்ட நேரம், ரேடியோ செத்தது.

"என்ன நானா, செய்தி வாசிக்கிற பொம்பிளையும் புன்னாகவராளியிலயோ வாசிக்கிறா?" என்று கேட்டார் ஒரு கிரேன்காரர்.

"நான் என்னத்தக் கண்டன்? வராளியர் சேர்ட மொகம் அப்பிடிப் போச்சு, நிப்பாட்டிட்டன்."

இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று ஒரு மழைநாளில் வராளியரிடம் கேட்டேன். இளவயதில் அவர் முறையாகச் சங்கீதம் படித்தவராம். வெருகல் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் முதல் கச்சேரி. புன்னாகவராளியை எடுத்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார். சனம் தலையாட்டுகிறது. கணுக்காலில் குளிர்ந்ததாக ஏதோ பட்டது. அடுத்தது ஒரு சீறல். மனுசன் மிருதங்கத்துக்கு மேலால் பாய்ந்தவர்தான். அதற்குப் பிறகு வாய் திறந்து பாடவேயில்லை.

"அது மைக் வயர் எண்டு சனம் சொல்லுது," என்றார். "மைக் வயர் சீறுமோ, தம்பி?"

எங்கள் ஊர் மைக்குகள் சீறாமல் இருந்ததே கிடையாது. சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். அவர் குனிந்து மேசைக்குக் கீழே ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வேலையாட்களில் பாதிப்பேர் ஜும்ஆத் தொழுகைக்கும் மீதிப்பேர் சாப்பாட்டுக்கும் போய்விட்டார்கள். கப்பலொன்றுக்கு வடம் கேட்டு ஆள் வந்தது. எடுத்து வைப்போம் என்று நான் கொட்டகையின் கடைசிவரை போனேன். சுருளின் நுனியைப் பிடிக்கக் குனிந்தேன். நுனி தலையைத் தூக்கியது.

நாகம்.

வடச்சுருள்களின் உச்சிக்கு எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. முதுகு தகரத்தில் முட்டியது. தகரம் சுட்டது. கீழே அது படம் விரித்து நின்றது. அதற்கு அப்பால்தான் வாசல். கத்தினேன் என்றுதான் நினைத்தேன்; வந்தது ஆட்டுக்குட்டிச் சத்தம்.

வாசலில் வராளியர் தெரிந்தார். பார்த்தார். பாம்புக்கென்று கையில் எப்போதும் வைத்திருக்கும் பொல்லுத்தடி நழுவிக் கீழே விழுந்தது.

"அண்ணை, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ…"

"ஆக்கள் வர நேரம் செல்லும், தம்பி. அது ஏறத் துவங்கீட்டுது."

உண்மை. முதல் சுருளில் அது தலையை வைத்துவிட்டது. அவசரமில்லாமல், தன் வீட்டுப் படியில் ஏறுகிற மாதிரி ஏறியது. எனக்கு அம்மாவின் முகம் வந்தது. இந்த இடத்தில் பகிடி ஒன்று சொல்லலாம் என்று பார்க்கிறேன், வருகுதில்லை.

"அசையாதையும்," என்றார் வராளியர். "நான் கூப்பிடுறன்."

"ஆரை அண்ணை?"

"அவரை."

கண்ணை இறுக மூடினார். சப்பாத்தால் தரையில் தாளம் போட்டார். தாளமோ நடுக்கமோ, தெரியாது. பிறகு பாடினார். முதலில் குரல் உடைந்து காற்றுத்தான் வந்தது. அப்புறம் அது எங்கேயோ பிடித்துக்கொண்டது. ஜன்னலில்லாத அந்தக் கொட்டகை முழுக்கப் புன்னாகவராளி நிறைந்தது. நான் என் சாவை மறந்து, அட, நல்லாய்த்தானே பாடுகிறார் என்று நினைத்தேன்.

பாம்பு நின்றது. தலையைத் திருப்பியது. இறங்கி நேரே அவரை நோக்கிப் போனது.

அவர் விலகவில்லை. அது சப்பாத்தை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கியது. அவருக்கு அது தெரியாது. கண்ணை மூடியபடி இன்னும் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். நான் இறங்கி வந்து தோளைத் தொட்டேன். "ஐயோ" என்று மயங்கி விழுந்துவிட்டார். நானா ஓடிவந்து தண்ணீர் தெளித்தபிறகுதான் கண் திறந்தது.

"போயிட்டாரோ?"

"ஓம் அண்ணை."

எழும்பி உட்கார்ந்தார். "சுருதி சேர்ந்துதோ?" என்றார்.

பாம்புக்குப் பாட்டே கேளாது, தரை அதிர்ந்திருக்கும், வெளிச்சத்தைப் பார்த்துப் போயிருக்கும் என்று பின்னால் ஒரு விஞ்ஞான வாத்தியார் எனக்கு வடிவாக விளக்கினார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வாசலில் நின்ற மனுசனுக்கு அது தெரியாது. வரும், தன்னிடம்தான் வரும் என்று நம்பிக்கொண்டுதான் அவர் பாடினார்.