சிக்கந்தர் தொட்ட சுக்கான்

சுக்கானில் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுத்த சிக்கந்தர் அதைப் பார்த்ததும் கீழே குதித்தார். 'டொக்' என்று சத்தம் கேட்டது உண்மை. சுவரில் சாய்த்து வைத்திருந்த சுக்கான் சரிந்து கிடப்பதும் உண்மை. வேறு சாட்சி எதற்கு?

"யா அல்லா! டாக்டர் ரோஹானா படகோட சுக்கானாச்சே!"

மூன்று மாதத்துக்கு முன்புவரை சிக்கந்தர் மச்சான் கடையில் குவளைக்குக் குவளை உயர இழுத்து ஆற்றும் தே தாரிக் டீ போட்டவர். "இனி உங்க கடை வாசப்படிய மிதிச்சா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று சவால் விட்டுவிட்டு இந்தப் படகுப் பட்டறைக்கு வந்தவர். இங்கே முதலாளி சிவநேசனோ போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "இன்னொரு சாமான் உடைஞ்சா, நீ மறுபடியும் டீ இழுக்கவே போலாம் லா."

முதலாளி ஈப்போவுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை டாக்டரோடு வருவார். இன்று திங்கள். அதற்குள் பூசி மெழுகிவிட்டால் யாருக்குத் தெரியும்?

தரையில் நூல் அறுந்து குப்புறக் கிடந்த ஓர் அட்டையை எடுத்து, அதன்மேல் பட்டிப் பசையைக் குழைத்து, விரிசலில் அப்பினார். ஒட்டவில்லை. உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. வெளியே ஃபைபர் ஓடு, உள்ளே நுரைப்பஞ்சு. பஞ்சு கடலைக் குடித்து ஊறிப்போயிருந்தது.

"என்ன அண்ணே, டாக்டரம்மா சுக்கானா?" பின்னாலேயே வந்து நின்றான் வேலு, பட்டறையின் காவல்காரன்.

"பாஸ் போன் பண்ணாரு. ரிப்பேர் பண்ணிடச் சொன்னாரு." வாய் கூசாமல் புளுகினார் சிக்கந்தர்.

"அப்படியா? பாஸே சொல்லிட்டாரா? அப்ப சரி."

செவ்வாய்க்கிழமை, தண்ணீரை வடிக்க ஓர் ஓட்டை போட்டார். வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது. ஒன்று போதாதென்று இன்னும் ஆறு போட்டார். பிறகு சீக்கிரம் காயட்டும் என்று பெரிய விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால், சுக்கானின் ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"அண்ணே, இது முழுகாம இருக்கு போல," என்றான் வேலு.

"வாயை மூடிக்கிட்டு அந்த ரம்பத்தை எடு!"

உப்பிய மேலோட்டை அறுத்தெடுத்தார். பாதிச் சுக்கான் காணாமல் போனது.

புதன்கிழமை ஃபைபர் ஒட்டும் ரெசின் பசை கலக்க வேண்டும். அவசரத்துக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனரை இரண்டு மடங்கு ஊற்றினார். கலக்கவா தெரியாது? இரண்டு குவளையை எடுத்தார், கையை உயர்த்தினார், ஒரு முழ நீளத்துக்கு இழுத்தார். பதினைந்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? நுரை ததும்பியது. அடுத்த நிமிடம் குவளையிலிருந்து புகை கிளம்பியது.

"அலாமக்! தீ! தீ!" வேலு மணல் வாளியோடு ஓடி வந்து, குவளையோடு சேர்த்து சிக்கந்தரின் செருப்பையும் மூடினான்.

அன்று சிக்கந்தர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சான் பல்லைக் காட்டிக்கொண்டு குவளையை நீட்டுவது கண்ணெதிரே தெரிந்தது. அழுகை வந்தது. கூடவே ரோஷமும் வந்தது.

வியாழக்கிழமை அவர் வேறு ஆள். ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக அளந்தார். குச்சியால் மெல்லக் கலக்கினார். காய்ந்த பஞ்சை வைத்து, மூன்று அடுக்கு ஃபைபர் துணி ஒட்டி, தேய்த்து, வெள்ளைச் சாயம் அடித்தார். சுக்கான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியும் டாக்டர் ரோஹானாவும் வந்தார்கள். கூடவே கழுத்தில் டை கட்டி, கேமரா மாட்டிய ஒருவர். அவர் சுக்கானை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"உடைஞ்ச சுக்கான் எங்க?"

சிக்கந்தர் நெஞ்சை நிமிர்த்தினார். "உடைஞ்சதா? இங்க எதுவும் உடையவே இல்லையே சார்! நல்லாப் போட்டோ எடுத்துக்குங்க!"

கேமராக்காரர் நாலு படம் எடுத்து, தாளில் 'சேதம் இல்லை' என்று எழுதி மூடினார். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முதலாளியின் முகம் சிவந்தது.

அதற்குள் வேலு, பட்டி குழைத்த அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே, இதத் திருப்பிப் பாக்கவே இல்லையா? 'போன மாசம் பாறையில மோதி உடைஞ்சது, இன்சூரன்ஸ் ஆளு பாக்குறவரைக்கும் யாரும் தொடாதீங்க'ன்னு நான்தானே எழுதி அந்தச் சுக்கான்ல கட்டினேன்!"